சாம்பலில் பிறந்த பூதம்

"ரப்பர்ச் சட்டை மாட்டிய ஒரு மனிதன் பொம்மை வீடுகளை மிதித்து நொறுக்குகிறான். இதற்கா இத்தனை ஆரவாரம்? இதையா எழுபது ஆண்டுகளாக உலகம் பார்த்துக் கொண்டிருக்கிறது?"

கோட்ஜில்லா என்ற ஜப்பானியப் படத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், படித்தவர்களிலே பலர் இப்படித்தான் கேட்கிறார்கள்.

கேட்பதிலே தவறில்லை. சட்டை ரப்பர்தான். வீடுகள் பொம்மைதான். சட்டைக்குள்ளே இருந்து வியர்த்து வழிந்தவர் ஹருவோ நகஜிமா என்ற நடிகர்தான். மறைப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் 1954 நவம்பர் 3-ஆம் நாள் அந்தப் படம் வெளிவந்தபோது, சுமார் 96 இலட்சம் சீட்டுகள் விற்றனவே! சீட்டு வாங்கி உள்ளே போன ஜப்பானியர் கண்டது பொம்மையையா? இல்லை. தங்கள் ஊர் எரிவதைக் கண்டார்கள். தங்கள் பிள்ளைகள் சாவதைக் கண்டார்கள். ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு கண்ணாரக் கண்டதை, வெள்ளித் திரையிலே மீண்டும் கண்டார்கள். படத்தின் கதாநாயகனாக நடித்த அகிரா தகராதா, முடிந்த படத்தைப் பார்த்தபோது தாம் அழுதுவிட்டதாகப் பிற்காலத்தில் சொன்னார். பொம்மைக்காக எவன் அழுவான்?

அந்தக் கண்ணீருக்குக் காரணம் திரையில் இல்லை. கடலில் இருக்கிறது.

வானத்திலிருந்து வந்த வெண்சாம்பல்

1954 மார்ச் முதல் நாள். பசிபிக் பெருங்கடலிலே, மார்ஷல் தீவுகளைச் சேர்ந்த பிக்கினி என்ற பவளத் திட்டில், அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டை வெடித்தது. ஆறு மெகாடன் அளவுக்கு வெடிக்கும் என்று விஞ்ஞானிகள் கணக்குப் போட்டிருந்தார்கள். வெடித்ததோ 15 மெகாடன்! ஹிரோஷிமாவைச் சுடுகாடாக்கிய குண்டைப் போல ஆயிரம் மடங்கு. கணக்குத் தப்பிற்று. தப்புக் கணக்குப் போட்டவர்கள் ஒரு பக்கம். அதற்கு விலை கொடுத்தவர்கள் மற்றொரு பக்கம். உலகிலே எப்போதும் அப்படித்தானே நடக்கிறது!

ஆபத்தான பகுதி என்று அமெரிக்கா கோடு போட்டுக் காட்டியிருந்த எல்லைக்கு வெளியே, ஒரு ஜப்பானிய மீன்பிடிக் கப்பல் சூரை மீன் பிடித்துக் கொண்டிருந்தது. அதன் பெயர் 'ஐந்தாவது நற்பேற்று நாகம்'. பெயரிலே நற்பேறு! அதிலிருந்த 23 பேரின் தலைமேலும், வெடித்த சில மணி நேரத்திற்குப் பிறகு, மாவு தூவினாற்போல வெண்சாம்பல் பெய்தது. பவளப்பாறை வெந்து பொடியான சாம்பல். கதிரியக்க நஞ்சு ஏறிய சாம்பல். அது இன்னதென்று அறியாத மீனவர், மீனோடும் மேனியெல்லாம் புண்ணோடும் மார்ச் 14-ஆம் நாள் யைசு துறைமுகம் திரும்பினர். அவர்களிலே வானொலிக் கருவியை இயக்கி வந்த அய்கிச்சி குபோயாமா, தமது நாற்பதாம் வயதிலே, செப்டம்பர் 23-ஆம் நாள் கண்மூடினார்.

அவர் மறைந்து நாற்பத்தொரு நாள் கழித்துப் படம் வெளிவந்தது! கதையை எங்கிருந்தோ இரவல் வாங்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மீனே உணவாகக் கொண்ட நாடு அது. நூற்றுக்கணக்கான கப்பல்கள் கொண்டு வந்த மீனிலும் நஞ்சு கலந்திருப்பதாகக் கருவி காட்டியது. மீன் கடைக்காரர் ஈ ஓட்டினர். டோக்கியோவின் சுகினாமி வட்டாரத்திலே இல்லத்தரசிகள் தாளும் பேனாவும் ஏந்தி, அணுகுண்டும் ஹைட்ரஜன் குண்டும் வேண்டாம் என்று கையெழுத்து வாங்கக் கிளம்பினர். 1955 ஆகஸ்டுக்குள் அந்த இயக்கத்திலே சேர்ந்த கையெழுத்துக்கள் மூன்று கோடிக்கு மேல். நாட்டின் மக்கள் தொகையே அன்று ஒன்பது கோடிதான்.

அமெரிக்க அரசு என்ன செய்தது? 1955 சனவரியில், சட்டப்படி தனக்குப் பொறுப்பு உண்டு என்று ஒப்புக்கொள்ளாமலே, கருணைத் தொகையாக 20 இலட்சம் டாலர் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொண்டது.

படம் எடுத்தவர்கள் யார்?

தோஹோ கம்பெனியின் தயாரிப்பாளர் தோமோயுகி தனகா. இந்தோனேசியாவிலே எடுக்க இருந்த வேறொரு படம் கைவிட்டுப் போகவே, வெறுங்கையோடு விமானத்தில் திரும்பியவர். கீழே கடல். அந்தக் கடலின் அடியிலே உறங்கும் ஒரு விலங்கைக் குண்டு எழுப்பிவிட்டால்? அங்கே பிறந்தது கரு. 'கொரில்லா' என்ற சொல்லையும், திமிங்கிலத்தைக் குறிக்கும் 'குஜிரா' என்ற ஜப்பானியச் சொல்லையும் இணைத்து 'கோஜிரா' என்று பெயரிட்டனர். அமெரிக்கர் வாயிலே அது கோட்ஜில்லா ஆயிற்று.

டைரக்டர் இஷிரோ ஹோண்டா, மும்முறை கட்டாயப் படைக்கு இழுக்கப்பட்டு, சீனத்திலே ஆண்டுக்கணக்காகக் கிடந்து, போர்க் கைதியாகி, 1946-இல் ஊர் திரும்பியவர். திரும்பும் வழியிலே ஹிரோஷிமாவைக் கண்டார். அங்கே ஊர் இல்லை, சாம்பல்மேடுதான் இருந்தது. அவர் எடுத்த படத்திலே நகரம் எரியும் காட்சி ஏன் கேளிக்கையாக இல்லை என்று இப்போது புரிகிறதா?

தந்திரக் காட்சிகளை அமைத்தவர் எய்ஜி சுபுராயா. 1942-இலே, பேர்ல் துறைமுகத் தாக்குதலைப் பொம்மைக் கப்பல்களை வைத்தே தத்ரூபமாகக் காட்டி, போர்வெறிக்குத் தூபம் போட்ட படத்திலே பணியாற்றிய அதே கைகள். அந்தக் கைகளே இப்போது, போர் கொணரும் அழிவைப் படைத்துக் காட்டின. 1933-இல் வந்த 'கிங் காங்' படத்திலே போல, பொம்மையை அணு அணுவாக நகர்த்திப் படமெடுக்க அவருக்கு ஆசை. அதற்குக் காலமும் இல்லை, காசும் இல்லை. எனவே, ஏறக்குறைய நூறு கிலோ எடையுள்ள உடைக்குள் மனிதனைப் புகுத்தினார்கள். விளக்குகளின் வெப்பத்திலே நகஜிமா மயங்கி விழுவார். தெளிந்து எழுந்து மறுபடி நடப்பார். அந்தப் பாரத்தால்தான் பூதத்தின் நடை அவ்வளவு மெதுவாக, அவ்வளவு மலைபோல அமைந்தது.

அந்த உறுமல் எந்த விலங்கின் குரலும் அல்ல. இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே, பெரிய பிடில் போன்ற 'டபுள் பேஸ்' வாத்தியத்தின் தந்தியை, பிசின் தடவிய தோல் கையுறையால் உரசி எழுப்பிய ஓசை! கோபமும் வலியும் கலந்த ஓசை. பூதத்தின் தோலைப் பாருங்கள். வழவழப்பான பல்லித் தோல் அல்ல. அணுகுண்டுத் தீயிலே வெந்து பிழைத்தவர்களின் உடம்பிலே கண்ட தழும்புகளைப் போலத் தடித்துச் சுருண்டு கிடக்கும். கொல்ல வருவதும் அதுதான்; குண்டுக்கு முதலில் இரையானதும் அதுதான்.

திரையிலே தெரியும் உண்மைகள்

கடலிலே ஒரு கப்பல். திடீரென ஓர் ஒளி. கப்பல் தீப்பற்றி மூழ்குகிறது. படம் இப்படித்தான் தொடங்குகிறது. எந்தக் கப்பலை நினைவூட்டுகிறது என்று ஜப்பானியருக்கு எவரும் எடுத்துச் சொல்லத் தேவைப்படவில்லை.

பூதத்தின் காலடித் தடத்திலே கதிரியக்கம் இருப்பதைக் கண்ட பேராசிரியர் யமானே, சட்டமன்றக் குழுவின் முன் சாட்சி சொல்கிறார். இந்த வேடம் தாங்கிய தகாஷி ஷிமுரா, அதே 1954-இலே 'ஏழு சாமுராய்' படத்தில் தலைவர் வேடத்திலும் நடித்தவர். அவர் சொன்னதும் ஆளும் தரப்பு உறுப்பினர் ஒருவர் எழுகிறார். இதை வெளியிடக் கூடாது என்கிறார். வெளியிட்டால் வெளிநாட்டு உறவு கெடும், மக்கள் கலவரப்படுவார்கள் என்கிறார். எதிர்வரிசையிலிருந்து பெண் உறுப்பினர்கள் கொதித்தெழுகிறார்கள்: உண்மையை மக்களுக்குச் சொல்லியே தீர வேண்டும்! கூச்சல், குழப்பம், தள்ளுமுள்ளு.

இந்த ஒரு காட்சிக்காகவே படத்தைப் பார்க்கலாம். பூதம் நகரை மிதிப்பதற்கு முன்னாலேயே அதிகாரம் உண்மையை மிதிக்கப் பார்க்கிறது! ஜப்பான் அமெரிக்கப் படையின் ஆதிக்கத்திலே இருந்த காலத்தில், ஹிரோஷிமா பட்ட பாட்டை ஏடுகள் எழுத முடியாதபடி தணிக்கை இருந்தது. ஆதிக்கம் முடிந்தது 1952 ஏப்ரலில். இரண்டரை ஆண்டு கழித்து இந்தப் படம். நெடுநாள் அடைத்து வைத்த வாய் திறந்தபோது வந்த குரலையே பூதத்தின் உறுமல் என்று சொல்லத் தோன்றுகிறது.

மின்சார ரயிலிலே ஓர் இளம்பெண் அலுத்துக் கொள்கிறாள். நஞ்சேறிய மீன், நஞ்சேறிய மழை, இப்போது இந்தப் பூதம் வேறா? நாகசாகியிலே தப்பிப் பிழைத்தது இதற்குத்தானா? போகிற போக்கிலே சொல்லிவிட்டுப் போகிறாள். தீப்பிடித்த தெருவிலே ஒரு தாய், குழந்தைகளை அணைத்துக்கொண்டு, இன்னும் சற்று நேரத்தில் அப்பாவிடம் போய்விடலாம் என்று ஆறுதல் கூறுகிறாள். அப்பா எங்கே போனார், எந்தப் போரிலே போனார் என்று படம் விளக்கவில்லை. கொட்டகையிலே இருந்த எத்தனை தாய்மாருக்கு அது தம் கதை! மறுநாள் மருத்துவமனை. ஒரு சிறுமியின் மேனியருகே கதிரியக்கக் கருவியைப் பிடிக்கிறார் மருத்துவர். கருவி படபடக்கிறது. மருத்துவர் தலையை அசைக்கிறார். வசனமே இல்லை.

செரிசாவாவின் தீர்ப்பு

பூதத்தை வெல்ல வழியுண்டா? உண்டு. போரிலே ஒரு கண்ணை இழந்த விஞ்ஞானி செரிசாவா, நீரிலுள்ள பிராணவாயுவை அழித்து உயிர்களைக் கரைத்துவிடும் ஒரு பொருளைத் தற்செயலாகக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார். ஆனால் வெளியிட மறுக்கிறார். ஏன்? ஒரு முறை உலகறியப் பயன்படுத்தினால், அரசியல் நடத்துவோர் அதையும் ஆயுதமாக்குவார்கள். குண்டுக்கு எதிர்க்குண்டு என்று வளர்ந்த பட்டியலிலே மற்றொன்று சேரும். முடிவில், மக்கள் படும் துயரம் கண்டு இணங்குகிறார். குறிப்புத் தாள்களையெல்லாம் தீயிலிடுகிறார். கடலடியிலே பூதத்தை அழித்து, தம்மை மேலே இழுக்கும் கயிற்றையும் தாமே அறுத்துக் கொள்கிறார். தாளை எரித்தால் போதாது. தம் மூளையிலே இருப்பதும் எவர் கைக்கும் சிக்கக்கூடாது என்பது அவர் தீர்ப்பு.

பேராசிரியர் யமானே மகிழவில்லை. சோதனைகள் தொடர்ந்தால் உலகின் வேறேதோ மூலையிலே மற்றொரு கோஜிரா எழக்கூடும் என்று கவலையோடு முணுமுணுக்கிறார். வெற்றி முரசு கொட்டாமல் முடிகிறது படம்.

கத்தரிக்கோல் செய்த வேலை

1956-இலே இந்தப் படம் அமெரிக்கா போயிற்று. 96 நிமிடப் படத்தை வெட்டி, ரேமண்ட் பர் என்ற நடிகரை அமெரிக்க நிருபராக இடையிலே செருகி, 80 நிமிடத்துக்குச் சுருக்கினார்கள். சட்டமன்ற மோதல் போயிற்று. நாகசாகிப் பெண்ணின் பேச்சுப் போயிற்று. யமானேயின் எச்சரிக்கைக்குப் பதிலாக, இனி உலகம் நிம்மதியாக வாழலாம் என்ற பாணியிலே ஒரு முடிவு! பூதம் மட்டும் மிஞ்சியது. பூதத்தைப் பெற்றவன் பெயர் மறைந்தது. வெட்டாத மூலப் படம் அமெரிக்கக் கொட்டகைகளிலே பரவலாகக் காட்டப்பட, ஐம்பதாவது ஆண்டான 2004 வரவேண்டியிருந்தது.

படத்தின் குறையையும் சொல்லத்தான் வேண்டும். ஜப்பான் பட்ட பாட்டைச் சொல்கிறது. சீனத்திலும் கொரியாவிலும் ஜப்பான் படுத்திய பாட்டைச் சொல்லவில்லை. பின்னர் வந்த தொடர்ச்சிகளிலே வணிகம் தலைதூக்கிற்று. 1964-இலே, மூன்று தலைப் பறவைநாகம் ஒன்றோடு மல்லுக்கட்டும் காவலனாகவே கோட்ஜில்லா மாறிவிட்டது! பிள்ளைகள் கைதட்டினார்கள். தவறென்று சொல்லவில்லை, ஆனால் முதல் படத்தின் நெஞ்சு அதிலே இல்லை.

அந்த நெஞ்சு, நாட்டிற்கு இடி விழும்போதெல்லாம் மீண்டும் துடிக்கிறது. 2011-இலே புகுஷிமா அணு உலை விபத்து. 2016-இலே, கோப்புகளுக்கிடையே திணறும் அதிகாரிகளைக் காட்டிய 'ஷின் கோட்ஜில்லா'. 2023-இலே 'கோட்ஜில்லா மைனஸ் ஒன்'; அது 2024 மார்ச்சில் தந்திரக் காட்சிகளுக்கான ஆஸ்கார் பரிசு பெற்றது. அதே மேடையிலே, அதே இரவிலே, சிறந்த படமென்ற பரிசு பெற்றது அணுகுண்டைச் செய்த ஓப்பன்ஹைமரின் கதை. குண்டைப் படைத்தவனும், குண்டு படைத்த பூதமும் ஒரே மேடையில்!

யார் பூதம்?

பிக்கினி குண்டுக்குப் பிறகு, 1954 ஏப்ரல் 2-ஆம் நாள், உடன்பாடு காணும் வரையிலாவது சோதனைகளை நிறுத்தி வையுங்கள் என்று இந்திய நாடாளுமன்றத்திலே நின்று வல்லரசுகளைக் கேட்டார் பிரதமர் நேரு. கேட்கவில்லை அவர்கள். 1946 முதல் 1958 வரை மார்ஷல் தீவுகளிலே மட்டும் அமெரிக்கா நடத்திய சோதனைகள் 67. நிறுத்தச் சொன்ன நாடே, 1974-இலும் 1998-இலும் பொக்ரான் மணலைக் கிளறியது. ரொங்கலாப் தீவின் குழந்தைகளோ, அந்த மார்ச் முதல் நாள் வானத்திலிருந்து விழுந்த வெண்சாம்பலை அள்ளி விளையாடினார்கள். அவர்களை அப்புறப்படுத்த இரண்டு நாளாயிற்று. அந்தக் குழந்தைகளுக்குப் படமெடுக்க ஒரு தோஹோ கம்பெனி இல்லை.

ஆகவே, ரப்பர்ப் பூதத்தைக் கண்டு சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். அந்த ஜப்பானியக் கப்பல் இன்றும் டோக்கியோவிலே காட்சியகமொன்றில் இருக்கிறது. தொட்டுப் பார்க்கத்தக்க மரம், ஆணி, பலகை. அது பொம்மை அல்ல. அதன்மீது விழுந்த சாம்பலும் அட்டைத் தூள் அல்ல. கடலடியிலே உறங்கியதை எழுப்பியவர்கள் ரப்பர்ச் சட்டை போடவில்லை; நல்ல துணியிலே தைத்த சட்டைதான் போட்டிருந்தார்கள். கையிலே கணக்குத் தாளும் வைத்திருந்தார்கள்.

அந்தத் தாளை எரித்த செரிசாவா, கதையிலேதான் இருக்கிறார். அவர் கதைக்கு வெளியே பிறக்கும் வரையில், இந்தப் படம் பழையதாகாது.