எத்தனை அடி தாங்கும்?

தீபாவளி வந்துவிட்டால் சிறுவர்களுக்குக் கொண்டாட்டந்தான்! கையிலே ஒரு பொம்மைத் துப்பாக்கி. அதிலே ஒரு சுருள் கேப். விசையை இழுத்தால், "டப்!"

அந்தச் சத்தம் எப்படி வருகிறது?

விசையை இழுத்ததும் உள்ளே உள்ள சிறு சுத்தியல் கேப்பின் மீது ஓங்கி அடிக்கிறது. கேப்பில் துளியளவு மருந்து இருக்கிறது. சிவப்புப் பாஸ்பரசும் பொட்டாசியம் குளோரேட்டும் சேர்ந்தது அது. அடி விழுந்ததும் வெடிக்கிறது.

தீப்பெட்டியிலும் இந்த இரண்டும் உண்டு. ஆனால் அங்கே ஒன்று குச்சியில், மற்றொன்று பெட்டியின் பக்கத்தில். கேப்பிலோ இரண்டும் ஒன்றாகவே இருக்கின்றன. ஆகவே கேப்புகளைக் குவித்து வைத்துக் கல்லால் அடிப்பது ஆபத்து!

ஜப்பான் துப்பாக்கி

மருந்தே இல்லாத விளையாட்டுத் துப்பாக்கியும் உண்டு. அதன் பெயர் 'ஏர்சாப்ட்'. 1970-களில் ஜப்பானில் தோன்றியது. காற்றுதான் 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டைத் தள்ளுகிறது.

அதன் பாட்டரி வகையில், மோட்டாரும் பல்சக்கரமும் 'பிஸ்டன்' என்ற உறுப்பைப் பின்னே இழுக்கின்றன. சுருள்வில் அதை முன்னே தள்ளுகிறது. சைக்கிள் பம்பு காற்றடிப்பது போலத்தான். ஒவ்வொரு சூட்டுக்கும் பிஸ்டனுக்கு ஓர் அடி!

பிஸ்டனின் பற்கள் தேய்ந்தால் புதிது மாட்டுவார்கள். புதியது உறுதியானதா? ஆயிரக்கணக்கான முறை சுட்டுவிட்டு, திறந்து பார்ப்பார்கள். பல் உடைந்திருந்தால் வேறு பிஸ்டன். நஷ்டம் பணத்தோடு போயிற்று.

தாயில்பட்டிப் பக்கம்

விருதுநகர் மாவட்டம் வெம்பக்கோட்டை வட்டாரத்தில் உள்ளது தாயில்பட்டி. வானம் பார்த்த பூமி. பட்டாசு வேலையால் அடுப்பு எரியும் வீடுகள் இங்கே ஏராளம்.

"எத்தனை அடி தாங்கும்?" என்ற கேள்வி இங்கேயும் உண்டு. ஆனால் அது வெடி மருந்தைப் பற்றிய கேள்வி!

அதற்கும் ஒரு சோதனை இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் துளி மருந்தை எஃகுப் பீடத்தில் வைக்கிறார்கள். மேலிருந்து ஓர் எடையை விழச் செய்கிறார்கள். வெடிக்கவில்லையா? உயரத்தைக் கூட்டுகிறார்கள். குறைந்த உயரத்திலேயே வெடித்தால் ஆபத்து அதிகம் என்று பொருள். சிவகாசி மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரி ஆராய்ச்சியாளர்களும் பட்டாசு மருந்தை இப்படிச் சோதித்திருக்கிறார்கள்.

கலவையின் அளவு மாறினால், அடி தாங்கும் சக்தியும் மாறிவிடுகிறது. குளோரேட்டுடன் கந்தகம் சேர்ந்தால் சிறு உரசலே போதும். அதனால்தான் அந்தக் கலவையில் பட்டாசு செய்ய 1992-ல் அரசு தடை விதித்தது.

ஓர் உரசல் போதும்

2012 செப்டம்பர் 5-ந் தேதி சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த வெடி விபத்தில் 30-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டனர். 2021 பிப்ரவரி 12-ந் தேதி சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டவர்கள் பலியானார்கள்.

இரும்புக் கருவி கூடாது. ஒரே அறையில் பலர் நெருங்கி உட்காரக் கூடாது. மருந்தைக் குவித்து வைக்கக் கூடாது. இவையெல்லாம் வெறும் சட்டம் அல்ல. உயிர்க் காவல்!

ஆய்வுக்கூடத்தில் துளி மருந்து வெடித்தால், குறித்துக்கொண்டு அடுத்த துளியை எடுக்கலாம். வேலை அறையில் வெடித்தால் இரண்டாவது சோதனை கிடையாது.

பிஸ்டன் உடைந்தால் கடையில் வேறு வாங்கலாம். காலையில் தூக்குச்சட்டியோடு வேலைக்குப் போன அம்மாவை எந்தக் கடையில் வாங்குவது?