சூசனும் குமுதாவும் ஒரே பூ!

குட்டீஸ்! உங்கள் வகுப்பில் அல்லி, குமுதா, குமுதினி என்று யாராவது இருக்கிறார்களா? குமுதம் என்றாலும் அல்லிப் பூதான். பெயரைக் கேட்டதுமே குளத்தில் மிதக்கும் பூ கண்முன் வந்துவிடும்.

அதே வகுப்பில் சூசன் என்று ஒரு தோழி இருந்தால், 'உன் பேருக்கு என்ன அர்த்தம்?' என்று கேட்பார்கள். பாவம், அவள் திருதிருவென விழிப்பாள். ஆனால், அதுவும் ஒரு பூவின் பெயர்தான். எந்தப் பூ? அதைத் தெரிந்துகொள்ள எகிப்துக்குப் போவோமா?

நைல் நதி தந்த பெயர்

பழங்கால எகிப்தியருக்கு அல்லிப் பூ என்றால் உயிர். நீல அல்லி காலையில் விரிந்து, பிற்பகலில் மூடிக்கொள்ளும். அதனால் அதைச் சூரியனோடு சேர்த்துப் போற்றினார்கள். சுமார் 3,300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த துட்டன்காமன் மன்னரின் கல்லறை, 1922-ல் கண்டுபிடிக்கப்பட்டது. அவர் உடலோடு வைத்திருந்த மாலையில் காய்ந்துபோன நீல அல்லி இதழ்கள் இருந்தன!

இந்த அல்லியை எகிப்தியர் 'செஷென்' என்றனர். பக்கத்தில் வாழ்ந்த எபிரேய மொழிக்காரர்களிடம் இந்தச் சொல் போய், 'ஷோஷன்னா' ஆனது என்பது மொழி அறிஞர்களின் கருத்து. அங்கே அது லில்லிப் பூவைக் குறித்தது. அதிலிருந்து பிறந்த பெயர்தான் சூசன்னா.

காப்பாற்றிய கேள்வி

கத்தோலிக்கர்களின் விவிலியத்தில், தானியேல் நூலில் சூசன்னா என்ற பெண்ணின் கதை வருகிறது. இரண்டு பெரியவர்கள் அவள்மீது பொய்க் குற்றம் சாட்டினர். மரண தண்டனையும் விதித்தாயிற்று. அப்போது இளைஞன் தானியேல் இருவரையும் தனித்தனியே அழைத்து, 'தவறு எந்த மரத்தடியில் நடந்தது?' என்று கேட்டான். ஆளுக்கு ஒரு மரத்தைச் சொல்லி மாட்டிக்கொண்டனர்! சூசன்னா தப்பினாள். இந்தக் கதையோடு பெயரும் நாடு நாடாகப் பரவியது.

எத்தனை சூசன்கள்!

பிரான்சில் சுசான், போலந்தில் சுசன்னா, ஆர்மீனியாவில் ஷுஷான், அரபு நாடுகளில் சவ்சன், நம் பக்கத்துக் கேரளத்தில் சோசம்மா! ஸ்பெயினில் சூசானா என்றும் பெயர் வைப்பார்கள். அசுசேனா என்றும் வைப்பார்கள். அசுசேனா, அரபு மொழி வழியாக வந்த சொல். ஆக, இரண்டும் அக்கா, தங்கை!

மீண்டும் பூவானது

பூவிலிருந்து வந்த பெயர், இன்னொரு பூவுக்கே பெயரான வேடிக்கையும் உண்டு. மஞ்சள் இதழ், நடுவே கறுப்பு வட்டம் கொண்ட ஒரு பூவுக்கு 'கறுவிழி சூசன்' என்ற பொருளில் 'பிளாக் ஐட் சூசன்' என்று பெயர். 1918 முதல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநில மலர் அதுதான். இதே பெயரில் ஆரஞ்சு நிறத்தில் பூக்கும் ஒரு கொடியும் உண்டு. ஊட்டி, கொடைக்கானல் போனால் வேலியோரம் பாருங்கள்.

ஆக, குமுதாவும் சூசனும் ஒரே குளத்துப் பூக்கள். அர்த்தம் தெரியாத பெயர் இருக்கலாம். அர்த்தமே இல்லாத பெயர் அரிது. உங்கள் பெயருக்குள் என்ன ஒளிந்திருக்கிறது? இன்றே வீட்டில் கேட்டுப் பாருங்களேன்!