இருளில் காணும் கண்

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது பழமொழி. பதுளை மாவட்டத்துத் தேயிலைத் தோட்டங்களிலே அந்தப் பேய்க்குப் பெரும்பாலும் புலி என்றே பெயர். பசறையிலும் மடுல்சீமையிலும் அப்புத்தளையிலும் பொழுது புலருமுன் லயத்தைவிட்டுப் பிரட்டுக்களத்துக்குப் புறப்படும் ஒருவர், தேயிலைச் செடிகளின் நடுவே ஏதோ அசைவதைக் காண்கிறார். அது நாயா, காட்டுப் பன்றியா, மரையா, அன்றிச் சிறுத்தையேதானா? அக்கணத்தில் அவரால் அறிய இயலாது.

இந்த அறியாமையால் விளையும் தீங்கு சிறிதன்று. சிறுத்தை இல்லாத இடத்திலே வீண் அச்சமும், இருக்கும் இடத்திலே அசட்டையும் அதனால் உண்டாகின்றன. அச்சம் முற்றினால் கம்பிச் சுருக்கும் நஞ்சும் வெளிப்படுகின்றன. 2020ஆம் ஆண்டு மே மாதத்தில், ஊவாவுக்கு மேற்கே நல்லதண்ணிப் பகுதியில், தோட்டத்துச் சுருக்கொன்றில் அகப்பட்ட அரிய கருஞ்சிறுத்தை மீட்கப்பட்டும் சில நாளில் மாண்டுபோனது. மனிதரையும் விலங்கையும் ஒருங்கே காக்க வேண்டுமாயின், இருளில் நிற்பது இன்னதென்று தெளிவாக அறிதலே முதற்படி.

பகலில் இதற்குத் தொலைநோக்கி போதும். இரவில் அதன் நிலை என்ன? இருகண் தொலைநோக்கியின்மேல் 7×50 என்று பொறித்திருந்தால், அது ஏழு மடங்கு பெரிதாக்கும் என்பதும், அதன் முன்வில்லை 50 மில்லிமீற்றர் அகலமுடையது என்பதும் பொருள். ஐம்பதை ஏழால் வகுத்தால் ஏறக்குறைய 7 மில்லிமீற்றர் வரும். கண்ணை நோக்கி வெளிவரும் ஒளிக்கற்றையின் அகலம் அதுவே. இளைஞரின் கண்மணி இருளில் விரியும் அளவும் ஏறத்தாழ அவ்வளவே. ஆதலின், நிலவொளியில் 7×50 தொலைநோக்கி நன்கு பயன்படும். 8×42 தொலைநோக்கியில் இவ்வகலம் 5 மில்லிமீற்றரைச் சற்றே தாண்டும். எனினும் நிலவற்ற இரவில், மூடிய வானத்தின் கீழ், எத்தொலைநோக்கியும் இல்லாத ஒளியை உண்டாக்கிவிடாது.

இக்குறையைப் போக்கவே, பகல் தொலைநோக்கியின் முன்புறத்தில் மாட்டும் இரவுக் கருவி தோன்றியது. இதனை முன்பூட்டு எனலாம். தொலைநோக்கியைக் கழற்ற வேண்டுவதில்லை. மாலையில் பூட்டி, விடிந்ததும் அகற்றிவிடலாம்.

முன்பூட்டு இருவகைப்படும். முதலாவது ஒளிபெருக்கும் வகை. நட்சத்திரங்களிலிருந்து வரும் சிற்றொளி அதன் உள்ளே ஒரு மெல்லிய படலத்தில் விழுந்து இலத்திரன்களை வெளியேற்றுகிறது. எண்ணிறந்த நுண்துளைகளையுடைய தகடொன்று அவற்றைப் பன்மடங்காகப் பெருக்குகிறது. அவை ஒளிரும் திரையில் மோதிப் பச்சையாகவோ வெண்மையாகவோ படத்தைக் காட்டுகின்றன. இரண்டாவது வெப்பம் காணும் வகை. 1800இல் வில்லியம் ஹேர்ஷல் என்னும் வானியலாளர், சிவப்பு நிறத்துக்கு அப்பால் கண்ணுக்குப் புலப்படாத கதிர் உண்டென்று வெப்பமானியின் துணையால் கண்டார். உயிருள்ள உடல் யாவும் இத்தகைய செங்கீழ்க் கதிரை ஓயாது வீசுகின்றன. அக்கதிரைப் படமாக்குவதே இவ்வகைக் கருவி. இதற்கு ஒளியே வேண்டுவதில்லை.

இவ்விரண்டில் எது சிறந்தது? தேயிலைச் சரிவில் ஓர் உயிர் இருக்கிறதா என்று தேடுவதற்கு வெப்பக் கருவியே மேலானது. குளிர்ந்த செடிகளின் நடுவே விலங்கின் உடல் விளக்குப்போலத் துலங்கும். ஆயினும் அடர்ந்த செடிக்குப் பின்னே மறைந்திருப்பதை அது காட்டாது. சிறுத்தையின் புள்ளிகளையும் காட்டாது. புள்ளியையும் உரோமத்தையும் நோக்கி இனத்தை உறுதிசெய்ய ஒளிபெருக்கியே உதவும். முன்னிரவில், பகல் வெயிலைக் குடித்த பாறைகள் வெப்பக் கருவியில் விலங்குபோல் ஒளிர்ந்து ஏமாற்றுவதும் உண்டு. பின்னிரவில், அவை ஆறியபின், காட்சி தெளிவடையும்.

வாங்குவோர் நோக்க வேண்டியவை சில. முதலாவதாக, முன்பூட்டுத் தன்னளவில் எதையும் பெரிதாக்கலாகாது. அதன் பின்வில்லையிலிருந்து வரும் கதிர்கள் இணையாக வரவேண்டும். அப்போதுதான் தொலைநோக்கி அப்படத்தைத் தூரத்துக் காட்சியாகவே ஏற்கும். அந்திப்பொழுதில் தூரத்து விளக்குக் கம்பம் ஒன்றை வெறும் தொலைநோக்கியால் பார்த்து, பின்னர்க் கருவியைப் பூட்டிப் பார்க்க. கம்பம் இடம் மாறினாலும் அளவு மாறினாலும் அக்கருவி செம்மையானதன்று.

இரண்டாவதாக, தொலைநோக்கியின் பெருக்கம் குறைவாக இருத்தல் வேண்டும். மூன்று முதல் ஆறு மடங்கு போதும். இருபது மடங்குத் தொலைநோக்கியின் முன் பூட்டினால், விலங்குக்குப் பதிலாகத் திரையின் புள்ளிகளே பெருகித் தோன்றும்.

மூன்றாவது, பூட்டும் வளையத்தின் அளவு. தொலைநோக்கியில் பொறித்த 42 அல்லது 50 என்னும் எண் வில்லையின் அகலமேயன்றிக் குழாயின் வெளிவிட்டம் அன்று. வெளிவிட்டத்தை அளந்தே வளையம் வாங்க வேண்டும். தளர்ந்த வளையம் மலைச்சரிவில் கருவியைப் பலிகொடுத்துவிடும்.

நான்காவது, விளம்பரத்திற் காணும் தூரம். 1958இல் ஜோன்சன் என்னும் அமெரிக்க ஆய்வாளர், ஏதோ இருக்கிறது என்று காண்பது வேறு, இன்ன வகை என்று அறிவது வேறு, இன்னதே என்று உறுதிசெய்வது வேறு எனப் பிரித்து, வகையறிய ஏறக்குறைய நான்கு மடங்கும், உறுதிசெய்ய ஆறு மடங்குக்குச் சற்று மேலும் நுணுக்கம் வேண்டும் என்று கணித்தார். ஆகவே 800 மீற்றர் என்று விற்கப்படும் கருவி, 200 மீற்றரில்தான் வகையைக் காட்டும். 125 மீற்றரளவில்தான் ஐயமறக் காட்டும். முன்னைய எண்ணை நம்பி நாயைச் சிறுத்தை என்றும், குனிந்து நிற்கும் மனிதரை விலங்கு என்றும் முடிவுசெய்தால் விளைவு என்னாகும்?

இனிப் பயன்படுத்தும் முறை. கருவியைப் பூட்டுமுன், தொலைநோக்கியைத் தூரத்துப் பொருளொன்றுக்குத் தெளிவாகச் சரிசெய்து விடுக. பூட்டியபின் அதனைத் தொடாது, முன்பூட்டின் வில்லையை மட்டும் திருப்பித் தெளிவாக்குக. இருகண் தொலைநோக்கியாயின், பூட்டாத குழாயை மூடிவிடுக. ஒளிபெருக்கியைப் பகல் வெளிச்சத்தில் மூடியின்றி இயக்கினால் அதன் குழாய் கெடும். வெப்பக் கருவியைச் சூரியனை நோக்கித் திருப்பலாகாது. சாளரக் கண்ணாடிக்குள்ளிருந்து அதனால் வெளியே காணவும் இயலாது. சாதாரணக் கண்ணாடி அவ்வெப்பக் கதிரை விடாது. அதனாலேயே அதன் வில்லை ஜேர்மானியத்தால் செய்யப்படுகிறது.

ஊவாவுக்கே உரிய இடர் மூடுபனி. அப்புத்தளை மலைமுகட்டில் பனி இறங்கும்போது இருவகைக் கருவியும் வலுவிழக்கும். அப்போது கருவியின் துணைவிளக்கை ஏற்றினால், மூடுபனியில் மோட்டார் வண்டியின் விளக்கைப்போல அது வெண்திரையையே காட்டும். அணைத்துவிட்டுக் காத்திருப்பதே வழி.

எளிய டோர்ச்சும் ஒரு செய்தி சொல்லும். சிறுத்தை, மரை, நாய், மாடு ஆகியவற்றின் கண் ஒளிபட்டதும் மின்னும். அவற்றின் விழித்திரைக்குப் பின்னே ஒளியைத் திருப்பும் படலம் உண்டு. பன்றிக்கு அப்படலம் இல்லை. ஒகியாவுக்கு அருகே ஹோட்டன் சமவெளியில், அற்றுப்போயிற்று என்று நெடுங்காலம் எண்ணப்பட்ட மலைத் தேவாங்கு, 2002இல் மீண்டும் காணப்பட்டு, 2009இல் முதன்முதலாக ஒளிப்படத்தில் பதிந்தது. இருளைப் பொறுமையோடு நோக்கியவர்க்குக் கிடைத்த பேறு அது.

கருவியை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க எண்ணுவோர், அதற்கு அனுமதி வேண்டுமா என்று சுங்கப் பகுதியினரிடம் முன்னரே கேட்டறிதல் நன்று. வேட்டைக்கென்று அதனை நாடுவோர், சிறுத்தை சட்டத்தின் காவலில் உள்ள உயிர் என்பதை மறத்தலாகாது. நெருங்கிய லயங்கள் உள்ள இடத்திலே, பிறர் வீட்டு வாசலை நோக்கி இக்கருவியைத் திருப்புவதும் பண்பன்று.

விடியற்காலையில் இருவர் மூவராகச் சேர்ந்து நடப்பதும், பேசிக்கொண்டு செல்வதும், உணவுக் கழிவை லயத்தருகே குவிக்காமையும் காசு கேளாத காவல்கள். தோட்டத்துக்கு ஒரு கருவி இருந்து, நிதானமான ஒருவர் கையில் அது இருக்குமாயின், புலி வந்தது என்ற கூக்குரல் எழும்போது, நின்றது பன்றியா சிறுத்தையா என்று அவர் பார்த்துச் சொல்லக்கூடும். பன்றியென்றால் ஊர் நிம்மதியாக உறங்கும். சிறுத்தையென்றால் பிள்ளைகளை உள்ளே அழைத்துக்கொண்டு, வனசீவராசிகள் திணைக்களத்துக்குச் செய்தி அனுப்பலாம். எவ்வகையாயினும், அன்றிரவு ஒருவரும் கம்பிச் சுருக்கைத் தேடிப் போகார்.