காற்றாற் குளிரும் எஞ்சினும் மசகெண்ணெயின் வெப்பமும்

கொழும்பிலிருந்து கண்டிக்கு வரும் நெடுஞ்சாலை மாவனல்லையைக் கடந்தபின் மலையேறத் தொடங்குகின்றது. கடுகண்ணாவைக் கணவாயின் உச்சியை அடையும்வரை எஞ்சினுக்கு ஓய்வில்லை. நீராற் குளிரும் எஞ்சின் கொதித்துவிட்டால் றேடியேற்றரிலிருந்து ஆவி கிளம்பிச் சாரதிக்கு அதனை உணர்த்திவிடும். வொக்ஸ்வாகன் பீட்டில், போர்ஷே 356, 1998 வரை வெளிவந்த போர்ஷே 911 ஆகியவற்றிலோ றேடியேற்றரும் இல்லை, நீரும் இல்லை. அவற்றின் அகவெப்பத்தை அறிவிக்க வல்லது மசகெண்ணெயே.

1948 இல் தோன்றிய போர்ஷே 356 இன் எஞ்சின், வொக்ஸ்வாகன் எஞ்சினிலிருந்து பிறந்தது. விசிறி வீசும் காற்று உருளைகளின் வெளிச்செதில்களைத் தழுவி வெப்பத்தைக் கவர்ந்து செல்கின்றது. எனினும் உள்ளே சுழலும் தண்டையும் தாங்கிகளையும் அக்காற்று எட்டுவதில்லை. அவற்றின் வெப்பத்தைச் சுமந்து வருவது எண்ணெயே. ஆதலின் இங்கு எண்ணெய்க்கு இரட்டைத் தொழில். பீட்டிலில் அது ஏறக்குறைய 2.5 லீற்றர் மாத்திரமே. 911 இலோ தனித் தொட்டியொன்றும் பத்து லீற்றர் அளவான எண்ணெயும் உண்டு.

எத்துணை வெப்பம் தகும்? 80 முதல் 110 சதமபாகை வரை அச்சமில்லை. 120 ஐ அணுகின் வேகத்தைத் தணித்தல் வேண்டும். 130 ஐத் தாண்டுவது ஆபத்து. வெப்பம் ஏற ஏற எண்ணெய் நீர்த்து, தாங்கிக்கும் தண்டுக்கும் இடையிலுள்ள மெல்லிய படலம் நலிகின்றது. எஞ்சினின் கூடோ அலுமினியத்தாலோ மகனீசியக் கலப்புலோகத்தாலோ ஆயது. அது உருக்குத் தண்டைவிட மிகுதியாக விரிவதால் இடைவெளிகள் அகன்று எண்ணெயின் அழுத்தமும் தாழ்கின்றது. இக்காலத்துச் செயற்கை எண்ணெய்கள் கூடிய வெப்பத்தைத் தாங்குமாயினும், கூடு விரிவதை அவை தடுக்க மாட்டா. அன்றியும் அளவி காட்டுவது எண்ணெயின் பொது வெப்பமே. தாங்கியினுள் வெப்பம் அதனினும் மிகுதி.

குறைந்த வெப்பமும் நன்றன்று என்பதைப் பலர் எண்ணுவதில்லை. கண்டி நகரினுள்ளே வீட்டுக்கும் பாடசாலைக்குமாகச் சிறுதொலைவு மட்டும் ஓடும் வண்டியில் எண்ணெய் உரிய சூட்டை அடையாது. உள்ளே படிந்த நீரும் எரிபொருளும் ஆவியாகாமல் தங்கி அமிலத்தை விளைவிக்கும். அத்தகைய வண்டியை இடையிடையே நெடுந்தொலைவு ஓட்டுதல் நலம்.

மலையேற்றத்திற் பெரும்பிழை, உயர்ந்த கியரில் எஞ்சினை முக்கி முனக வைத்தலாம். விசிறியின் வேகம் எஞ்சினின் வேகத்தைப் பொறுத்தே அமைவது. எனவே எஞ்சின் மெதுவாக உழைக்கும்போது வெப்பம் பெருகும், காற்றோ சுருங்கும். தாழ்ந்த கியருக்கு மாறி எஞ்சினை விரைந்து சுழலவிடின் இரண்டும் சீர்ப்படும். ஓசை கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. 1934 முதல் நடைபெற்றுவரும் மாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியை எஞ்சினுக்குக் கடுஞ்சோதனை என்பர். ஆயினும் அக்குறுகிய ஓட்டத்தில் எண்ணெய் சூடேறப் பொழுது போதாது. கம்பளையிலிருந்து இறம்பொடை வழியே நுவரெலியாவுக்கு ஏறும் நெடும்பயணமே எண்ணெய்க்கு உண்மைச் சோதனை. நுவரெலியாவின் உயரம் 1,800 மீற்றருக்கு மேலாதலால் காற்றின் அடர்த்தி ஆறிலொரு பங்களவு குறைகின்றது. அவ்விழப்பை மலைக்குளிர் ஓரளவு ஈடுசெய்கின்றது. பெரஹர நாட்களில் கண்டி வீதிகளில் ஊர்ந்து செல்லும்போது அக்குளிரும் இல்லை, விசிறிக்கு வேகமும் இல்லை.

2020 முதல் சில ஆண்டுகள் வாகன இறக்குமதி தடைபட்டிருந்தமையால், பழைய வண்டிகளைப் பேணுதல் இந்நாட்டிற் பலர்க்கு விருப்பமன்று, தேவையாயிற்று. செதில்களில் அடைந்த சேற்றையும் சருகையும் அகற்றுதல், எஞ்சினைச் சூழ்ந்த இறப்பர் அடைப்புகளைப் பழுதின்றி வைத்தல் இரண்டும் செலவற்ற காப்புகள். அடைப்பு கிழிந்தால் வெளியேறிய சூடான காற்றையே விசிறி மீண்டும் உறிஞ்சும்.

பீட்டிலில் எண்ணெய் வெப்பமானி இல்லை. அழுத்தம் குன்றியதைக் காட்டும் விளக்கு எரிவதற்குள் தாங்கிகள் பழுதடைந்திருக்கவும் கூடும். ஆனால் மின்னேற்றத்தைக் குறிக்கும் சிவப்பு விளக்கு பயணத்தின் நடுவே எரிந்தால் உடனே வண்டியை நிறுத்தல் வேண்டும். டைனமோவையும் விசிறியையும் சுழற்றுவது ஒரே வார், அது அறுந்திருக்கலாம்.