பருத்தித்துறை: வடமுனைக்கு அப்பால்

இலங்கைத் தீவின் நெடுமையைக் குறிக்கப் பருத்தித்துறை முதல் தெய்வேந்திரமுனை வரை என்பது வழக்கமாதலால், யாழ்ப்பாணம் வரும் பிரயாணிகள் பலரும் ஏறத்தாழ 33 கிலோமீற்றர் கடந்து வந்து, தீவின் வடகோடியாகிய சக்கோட்டை முனையில் நின்று படம் எடுத்துக்கொண்டு, 1916ஆம் ஆண்டின் வெளிச்சவீட்டை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் காணாது போகின்றவையே இவ்வூரின் பெருஞ்செல்வம் என்பது என் துணிபு.

தும்பளை வீதியிலுள்ள தெருமூடிமடத்தைப் பாருங்கள். வீதியின் இருமருங்கும் கற்றூண்களை நிறுத்தி, திண்ணைகளை அமைத்து, இடையே வண்டியும் மாடும் தடையின்றிச் செல்ல, மேலே கூரையிட்டு மூடியிருக்கிறார்கள். வெயிலில் கால்நடையாய் வந்த யாத்திரிகனை வழியைவிட்டு விலகி நிழல் தேடச் சொல்லாமல், அவன் நடந்த வழியையே நிழலாக்கிய அந்தத் தர்மசிந்தனைக்கு ஈடான வேறொன்றை நான் அறியேன்.

மொறுமொறுப்பான பருத்தித்துறை வடையைப் பொதிசெய்துகொண்டு தென்கிழக்கே சென்றால் வல்லிபுரம் வரும். மூலஸ்தானத்தில் சக்கரமே எழுந்தருளியிருக்கும் ஆழ்வார் கோயிலுக்குப் புரட்டாதி உற்சவத்தில் ஜனங்கள் வெள்ளமாய்த் திரண்டு, சமுத்திர தீர்த்தத்துக்குச் சுவாமியோடு மணலில் நடப்பார்கள். இங்கு அகப்பட்டு 1936ஆம் ஆண்டில் வெளியுலகுக்குத் தெரியவந்த பொன்னேட்டுச் சாசனம், அநுராதபுரத்து வசப மன்னன் காலத்தில், நாகதீபம் எனப்பட்ட யாழ்ப்பாணக் குடாநாட்டை அமைச்சன் ஒருவன் பரிபாலித்ததையும், இவ்விடத்தில் விகாரை ஒன்று எழுந்ததையும் பிராமி எழுத்திற் கூறுவதால், கி.பி. 2ஆம் நூற்றாண்டிலேயே இம்மணற்பரப்பு பிரசித்தி பெற்றிருந்தமை விளங்கும்.

அதற்கப்பால் மணற்காடு. காற்று வாரிக் குவித்த குன்றுகள், சவுக்கந்தோப்பு, மணலில் அமிழ்ந்துபோன பழைய அந்தோனியார் ஆலயத்தின் சுவர்கள் ஆகியவை காணத்தக்கவை; எனினும் இம்மணலின் பயன் அழகோடு நிற்பதன்று. வற்றாத நதி ஒன்றேனும் இல்லாத குடாநாட்டில், மாரிமழை மணலிலும் சுண்ணக்கல்லிலும் ஊறி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் நன்னீராய் மிதந்து நிற்பதாலேதான் கிணறுகளில் குடிநீர் கிடைக்கிறது. குன்றுகளைக் கரைத்தால் மழைநீர் தங்குமிடம் குறையும். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையைக் கண்ட இக்கரைக்குக் காவலும் குறையும். அப்படியிருந்தும் இரவோடிரவாக டிப்பர்களில் மணல் போய்க்கொண்டிருக்கிறது.

அனுமதியின்றி அள்ளிய மணலை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கவேண்டாமென்று, வீடு கட்டும் அன்பர்களை இருகரம் கூப்பி வேண்டுகிறேன்.