தெற்கின் காசநோய்க் கிருமி வேறு: கோலார் தங்க வயலுக்கு அது ஏன் முக்கியம்?

புது தில்லி: கர்நாடக மாநிலம், கோலார் தங்க வயலில் சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி மூடப்பட்டன. மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை இறங்கிப் பாறை உடைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள்; வட ஆர்க்காடு உள்ளிட்ட பழைய சென்னை மாகாண மாவட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்றவர்களின் வழித்தோன்றல்கள். சுரங்கம் மூடினாலும் நுரையீரலில் படிந்த சிலிக்கா தூசி கரைவதில்லை. சிலிகோசிஸ் பாதித்தவரைக் காசநோய் எளிதில் பற்றும். எக்ஸ்ரே படத்தில் இரண்டையும் பிரித்தறிவது கடினம்.

இது மருத்துவச் சிக்கல் மட்டுமல்ல. சிலிகோசிஸ் தொழில்சார் நோய். சட்டப்படி இழப்பீட்டுக்கு உரியது. காசநோய் அப்படியல்ல. சிலிகோசிஸைக் காசநோய் என்று எழுதிவிட்டால் தொழிலாளியின் உரிமை போகும். காசநோயைத் தவறவிட்டால் உயிரே போகும். ஆகவே சளிப் பரிசோதனையின் முடிவையே நம்ப வேண்டியிருக்கிறது. அந்தப் பரிசோதனை எந்தக் கிருமியை மனதில் கொண்டு வடிவமைக்கப்பட்டது என்பதுதான் கேள்வி.

காசநோய்க் கிருமியின் மரபணு வரிசை 1998-இல் முழுமையாக வெளியிடப்பட்டது. அதற்கு எடுத்துக்கொண்டது அமெரிக்காவில் 1905-இல் பிரித்தெடுக்கப்பட்ட கிருமியின் வழிவந்த ஆய்வகக் கிருமி. தென்னிந்தியாவில் மிகுதியாகக் காணப்படுவதோ அதிலிருந்து வேறுபட்ட பழைமையான பரம்பரை. சென்னைக் கிருமிகள் பிரிட்டிஷ் கிருமிகளைவிட கினிப்பன்றிகளில் வீரியம் குறைந்தவை என்பது 1960-களிலேயே தெரிந்திருந்தது.

நோயறிதலில் இதன் விளைவு 1990-களில் வெளிப்பட்டது. 'ஐ.எஸ்.6110' என்ற மரபணுத் துண்டு காசநோய்க் கிருமியில் பல பிரதிகளாக இருக்கும் என்ற நம்பிக்கையில் பி.சி.ஆர். பரிசோதனைகள் உருவாக்கப்பட்டன. சென்னை காசநோய் ஆராய்ச்சி மையத்தினர் பார்த்தபோது, பத்தில் ஏறத்தாழ நான்கு கிருமிகளில் ஒரே ஒரு பிரதிதான் இருந்தது. சிலவற்றில் ஒன்றுகூட இல்லை. அத்துண்டை மட்டும் தேடும் பரிசோதனை, நோயாளியின் சளியில் கிருமி இருந்தும் 'இல்லை' என்று சொல்லிவிடும்.

பின்னர் வந்த 'சிபிநாட்' கருவி வேறு மரபணுவைத் தேடுகிறது. அதுவும் பிழையற்றதல்ல. ஸ்வாசிலாந்தில் 2009-இல் நடந்த கணக்கெடுப்பில் சேகரித்த பன்மருந்து எதிர்ப்புக் கிருமிகளில் சுமார் 30 சதவீதத்தில், மருந்தை எதிர்க்கும் மரபணு மாற்றம் அக்கருவி பார்க்கும் பகுதிக்கு வெளியே இருந்தது. மருந்து பலிக்காத நோயாளிக்கு 'பலிக்கும்' என்று சான்று கிடைத்தது.

தடுப்பூசியின் கதை இன்னும் சிக்கலானது. பி.சி.ஜி.யே மரபணு மாற்றத்தின் விளைவுதான். மாட்டுக் காசநோய்க் கிருமியைப் பிரான்ஸில் 1908 முதல் 1921 வரை 230 முறை மறுவளர்ப்பு செய்ததில், 'ஆர்.டி.1' என்ற பகுதியை இழந்து அது சாதுவானது. (அந்த இழப்பே இன்று உதவுகிறது: ஆர்.டி.1 புரதங்களைக் கொண்ட புதிய தோல் பரிசோதனை, தடுப்பூசி போட்டவரையும் தொற்று உள்ளவரையும் பிரித்துக் காட்டுகிறது.) செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968-இல் தொடங்கி இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்திய சோதனையில், வயது வந்தோரின் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை. பதினைந்தாண்டுக் கண்காணிப்பின் முடிவு 1999-இல் வெளியானது. உள்ளூர்க் கிருமியின் தனித்தன்மை காரணமா, மண்ணிலும் நீரிலும் உள்ள பிற மைக்கோபாக்டீரியங்களா என்ற விவாதம் முடியவில்லை. கிருமியைக் காரணம் காட்டிவிடுவது எளிது. ஆனால் நோய் எதிர்ப்பு மண்டலம் அடையாளம் காணும் அதன் புரதப் பகுதிகள் பரம்பரைக்குப் பரம்பரை பெரிதும் மாறுவதில்லை என 2010-இல் வெளியான ஆய்வு காட்டியது. குழந்தைகளைக் கடுமையான காசநோயிலிருந்து பி.சி.ஜி. காக்கிறது என்பதில் ஐயமில்லை.

மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 2022-இல் நாடெங்கும் உள்ள காசநோய்க் கிருமிகளின் மரபணு வரிசையைப் பதிவு செய்யும் திட்டத்தைத் தொடங்கியது. 10,000 கிருமிகளின் வரிசை முடிந்ததாக 2025 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது, இலக்கு 32,500. வரவேற்கத்தக்க பணி. ஆனால் சளி மாதிரியுடன் மாநிலம், வயது, மருந்து எதிர்ப்பு ஆகியவற்றை மட்டும் குறித்தால் போதாது. நோயாளி என்ன தொழில் செய்தார் என்பதும் பதிவாக வேண்டும். கோலார் தங்க வயலிலிருந்து பெங்களூர் தேசியக் காசநோய் நிறுவனம் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது.