காண்டாமிருகத்திற்காக நடந்த கால்கள்



"ஒருவர் ஐந்நூறு கிலோமீட்டர் நடப்பதனால் காட்டிலுள்ள மிருகத்துக்கு என்ன பயன்? அந்தப் பணத்தை நேரே அனுப்பிவிடலாமே!" என்று சிலர் எங்களிடம் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். இன்று உலகின் பல பாகங்களில் வனவிலங்குகளைக் காக்க நிதி திரட்டுவதற்காக மக்கள் ஓடுகிறார்கள், மலை ஏறுகிறார்கள், சைக்கிள் மிதிக்கிறார்கள். இதன் பயன் என்ன என்பதைக் கென்யா நாட்டுத் தொழிலாளி ஒருவரின் வாழ்க்கையைக் கொண்டு இவ்விதழில் விளக்க விரும்புகிறோம்.

அவர் பெயர் மைக்கேல் வெரிக்கே. 1956-இல் பிறந்தவர், மொம்பாசா துறைமுக நகரத்துக்காரர். இளமையில் அரசாங்க வனவிலங்குத் துறையில் அவருக்கு வேலை கிடைத்தது. ஏலத்துக்கு வந்த யானைத் தந்தங்களையும் காண்டாமிருகக் கொம்புகளையும் தரம் பிரித்து அடுக்குவதே அந்த வேலை. அவர் மனம் அதற்கு இடங்கொடுக்கவில்லை. அதை விட்டுவிட்டு, வாகனங்களைப் பொருத்தும் தொழிற்சாலையொன்றில் காவல் பிரிவில் பணிபுரிந்தார்.

அந்நாட்களில் காண்டாமிருகத்தின் நிலை பரிதாபமானது. 1970-இல் ஆப்பிரிக்காவில் ஏறக்குறைய 65,000 கருங்காண்டாமிருகங்கள் இருந்தன. 1995-இல் மிஞ்சியவை சுமார் 2,400 மட்டுமே. கென்யாவில் மட்டும் சுமார் 20,000 இருந்தவை, 1980-களின் இறுதிக்குள் 400-க்கும் கீழே வந்துவிட்டன. ஏமன் நாட்டில் குத்துவாளுக்குக் கைப்பிடி செய்யவும், கீழ்த்திசை நாடுகளில் மருந்தென்று விற்கவும் கொம்புக்காக அவை கொல்லப்பட்டன. நம் நகத்திலும் முடியிலும் உள்ள கெராட்டின் என்ற பொருளாலானதே அந்தக் கொம்பு!

வெரிக்கேயிடம் பணமில்லை, பதவியுமில்லை. கால்கள் இருந்தன. 1982-இல் மொம்பாசாவிலிருந்து தலைநகர் நைரோபிவரை, ஏறக்குறைய 480 கிலோமீட்டர் தூரத்தை நடந்தே கடந்தார். வழிநெடுக ஊர்களில் நின்று, காண்டாமிருகம் அழிந்துவருவதை மக்களிடம் எடுத்துச் சொன்னார். 1985-இல் கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளில் 2,000 கிலோமீட்டருக்கு மேல் நடந்தார். 1988-இல் ஐரோப்பாவிலும், 1991-இல் வட அமெரிக்காவிலும் நடந்து நிதி திரட்டினார். 1990-இல் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது அவருக்குக் கிடைத்தது. 1999-இல் மொம்பாசாவில் கொள்ளையர் தாக்கியதால் உயிரிழந்தார்.

நடையினால் பணம் சேருவது எப்படி? கணக்கு எளியது. நடப்பவர் தமக்குத் தெரிந்தவர்களிடம் சென்று, "நான் கடக்கும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இவ்வளவு தருவீர்களா?" என்று கேட்கிறார். நூறு பேர் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் வீதம் ஒப்புக்கொண்டால், 480 கிலோமீட்டர் நடை முடியும்போது 48,000 ரூபாய் சேருகிறது. பெரிய செல்வந்தர் ஒருவரும் தேவையில்லை. கேட்கிறவர் முதலில் தம் சரீரத்தையே வருத்துகிறார். ஆகவே கொடுக்கிறவர் மனமும் இளகுகிறது. கடிதத்தைப் படித்து ஒதுக்கி வைக்கிறவர்கூட, கால் கொப்பளித்து நிற்பவரைப் பார்த்து, "ஏன் இப்படி நடக்கிறீர்?" என்று கேட்காமல் இருக்கமாட்டார். அந்த ஒரு கேள்விக்காகவே பலர் நடக்கிறார்கள்.

ஆனால் முக்கியமானது இனிமேல்தான் இருக்கிறது. பெண் காண்டாமிருகம் பதினைந்து மாதங்களுக்கு மேல் சினையாயிருந்து ஒரே ஒரு கன்றை ஈனுகிறது. அடுத்த கன்றுக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். ஆகவே ஒரே ஆண்டு காவலால் பயனில்லை. ஆண்டுதோறும், இரவும் பகலும் காவல் வேண்டும். காவலருக்குச் சம்பளம், வயர்லெஸ் கருவி, வேலி, வாகனம், கால்நடை மருத்துவர் என்று செலவுகள் ஓய்வதில்லை. நடை சில வாரங்களில் முடிந்துவிடும், காவல் முடிவதில்லை.

இதை உணர்ந்து நடத்தப்படுவது லேவா மாரத்தான். கென்ய மலைக்கு வடக்கேயுள்ள லேவா வனவிலங்குக் காப்பகத்தில் 2000-ஆம் ஆண்டு இது தொடங்கியது. கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில், வரிக்குதிரைகளும் காண்டாமிருகங்களும் வாழும் இடத்தின் நடுவே மக்கள் ஓடுகிறார்கள். ஓடுபவர்களுக்குத் தீங்கு நேராதபடி ஆயுதந்தாங்கிய காவலர்கள் சூழ நிற்கிறார்கள். கிடைக்கும் நிதி விலங்குகளுக்கு மட்டுமன்றி, சுற்றியுள்ள கிராமங்களின் பள்ளிகளுக்கும் மருத்துவ நிலையங்களுக்கும் செல்கிறது. காட்டினால் தன் பிள்ளைக்கு நன்மை கிடைக்கிறது என்று காணும் தாய், வேட்டைக்காரனுக்கு வழிகாட்டுவாளா?

எனவே இத்தகைய முயற்சிக்குக் கொடுக்குமுன், அல்லது தாமே இறங்குமுன், மூன்று காரியங்களை விசாரிக்கும்படி வேண்டுகிறோம்.

முதலாவது, நடப்பவரின் பயணச் செலவு யாருடையது? கிளிமஞ்சாரோ மலை ஏறப்போகிறவரின் விமானக் கட்டணமும் தங்கும் செலவும் நன்கொடையிலிருந்தே கழிந்தால், நாம் கொடுப்பது அவருடைய சுற்றுலாவுக்கே.

இரண்டாவது, பணம் எந்த வேலைக்குப் போகிறது, கணக்கு எப்போது கிடைக்கும்?

மூன்றாவது, உடல் அதற்குத் தயாரா? கிளிமஞ்சாரோவின் உயரம் 5,895 மீட்டர். பழக்கமின்றி விரைந்து ஏறினால் நல்ல உடற்கட்டு உள்ளவருக்கும் மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்து உயிருக்கே ஆபத்து நேரலாம். மருத்துவரின் ஆலோசனையும் பல மாதப் பயிற்சியும் அவசியம்.

இன்று ஆப்பிரிக்காவில் கருங்காண்டாமிருகங்கள் 6,000-க்கு மேல் பெருகியிருக்கின்றன. கென்யாவில் சுமார் 1,000 உள்ளன. ஒருவருடைய நடையால் மட்டும் இது நடந்துவிடவில்லை. அரசாங்கங்களும் காவலர்களும், பெயர் தெரியாத ஆயிரக்கணக்கான சிறு நன்கொடையாளர்களும் ஆண்டுக்கணக்காகத் தாங்கியதால் வந்த பலன் இது. நடக்கத் திராணியுள்ளவர்கள் நடக்கட்டும். நடக்க இயலாதவர்கள், நடை முடிந்த பிறகும் கொடுப்பதை நிறுத்தாதிருப்போமாக.